ஓடிக்கொலோன்

இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், மர்மாராக் கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு மருத்துவமனையின் நாலாம் மாடியில், தங்கச்சியைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோய் அரை மணித்தியாலம் ஆகியிருக்கும், பக்கத்து அறை நோயாளியின் தாய், முக்காடிட்ட ஒரு வயதான மனுசி, கதவடியில் வந்து நின்று 'கெச்மிஷ் ஒல்சுன்' என்றா. 'கடந்துபோனதாகட்டும்' என்று நோயாளி வீட்டாருக்கு அங்கே சொல்லும் சொல் அது. பிறகு கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, கையை நீட்டச் சொல்லிச் சைகை காட்டி, உள்ளங்கையில் ஊற்றினா. எலுமிச்சை மணமும் ஸ்பிரிட்டின் குளிரும் சேர்ந்து மூக்கில் ஏற, நான் கோண்டாவிலில் காய்ச்சலோடு பாயில் கிடந்தேன், நெற்றியில் அம்மம்மாவின் ஈர லேஞ்சி.

அங்கே அதைக் கொலோன்யா என்கிறார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வாசனைத் தண்ணீர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துருக்கிய வீடுகளுக்குள் வந்து, விருந்தாளியின் கையில் பன்னீர் ஊற்றும் வழக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, அதே தண்ணீர்தான் வெள்ளைக்காரர் காலத்தில் யாழ்ப்பாணம் வந்து எங்களிடம் ஓடிக்கொலோன் ஆனது. அம்மம்மா அதை அலுமாரியின் மேல்தட்டில், கூறைச்சேலைக்கும் இரண்டு பூச்சிமுட்டைக்கும் நடுவே வைத்திருந்தா, காய்ச்சல்காரருக்கும் தலையிடிக்காரருக்கும் மட்டும்தான் அது இறங்கும், அதிலும் சொட்டுக் கணக்கு. 90களில் பொருளாதாரத் தடை வந்து, சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அரிதாகி, ஜாம் போத்தலில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுப் பஞ்சைத் திரித்து நாங்கள் விளக்கெரித்த காலத்தில், அந்தப் போத்தலுக்குள் தண்ணீர் விட்டுக் குலுக்கினா, பிறகு அதுவும் முடிந்து வெறும் போத்தல்தான் மிஞ்சியது, பின்னேர வெயில் முற்றத்து வேப்பமரத்துக்குள்ளால் சரிந்து திண்ணைக்கு வரும் நேரத்தில், மூடியைக் கழற்றி எங்கள் மூக்கடியில் பிடித்து, 'மணம் நிக்குது, அது காணும்' என்பா.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குத் தப்பி வலிகாமமே எழும்பி நடந்தபோது அந்தப் போத்தல் வீட்டோடு நின்றுவிட்டது, அரிசி அளக்கிற சுண்டு மட்டும் அம்மம்மாவின் மடியில் வந்தது. மழை, செம்மணி வெளியின் இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் போகாமல் நின்ற சனம், இதெல்லாம் பலர் எழுதியாயிற்று, எனக்கு அதைவிடத் தெளிவாக நினைவிருப்பது அதற்குப் பிறகு கொடிகாமத்தில் ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் கழிந்த மாதங்கள்தான். ஒரு சுண்டு அரிசியில் ஐந்து பேருக்குக் கஞ்சி, அதை வார்க்கும்போது அம்மம்மா தன் கோப்பையைக் கடைசியாக வைத்து, எட்டு வயதுத் தங்கச்சி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதையும் அவளுடைய கோப்பையில் சரித்துவிடுவா. 'எனக்குப் பசிக்கேல்லை பிள்ளை, நீ குடி.' தங்கச்சி குடிப்பாள், கோப்பையின் அடியை விரலால் வழித்தும் நக்குவாள். இரவில் அம்மம்மாவோடு ஒரே பாயில் படுத்திருந்த எனக்கு அவவுடைய வயிறு கடமுடவென்று இரைவது கேட்கும். 'தண்ணி கனக்கக் குடிச்சனான், அதுதான்' என்பா இருட்டுக்குள், நான் பன்னிரண்டு வயதில் அதை நம்பினேன், நம்பத்தான் விரும்பினேன்.

லண்டனுக்கு வந்த பிறகும் தங்கச்சி கோப்பையில் எதையும் மிச்சம் விட்டதில்லை, தன்னுடையதில் மட்டுமல்ல, பிள்ளைகள் விட்ட அரைத்துண்டுப் பாண், மண்டப விருந்துகளில் மேசையில் ஆறிப்போன மட்டன் ரோல்ஸ், ஒன்றையும் அவளால் குப்பையில் போட முடியாது. முப்பது வயதில் சீனி வருத்தம், பிறகு முழங்கால், பிறகு இரவில் மூச்சு நின்றுபோகாமல் முகத்தில் மாட்டிக்கொண்டு படுக்கும் இயந்திரம், எடை 112 கிலோ. இங்கே அரசாங்கச் செலவில் இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்வதற்கு உடல் எடைக் குறியீடு 40, வேறு வருத்தம் இருந்தால் 35, தெற்காசியர் என்றால் அதிலும் இரண்டரை குறைத்துப் பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, அவளுக்கு எல்லாம் பொருந்தியும் வரிசை நகரவில்லை. 'வாயைக் கட்டினால் காணும்' என்று சொந்தக்காரர் சொன்னார்கள், சொன்னவர்களிலும் அந்தப் பாலத்தைக் கடந்து வந்தவர்கள் இருந்தார்கள், அது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. கடைசியில் சீட்டுக் காசை எடுத்தாள். துருக்கிக்குப் போய் உயிரோடு திரும்பாதவர்களைப் பற்றிய செய்திகளை நான் அவளுக்குத் தெரியாமல் இரவிரவாகப் படித்தேன், பிறகு கூடப் போனேன்.

நோயாளியோடு தங்குகிறவருக்குத் துருக்கியில் ரெஃபகாத்சி என்று தனிப் பெயர் உண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து விரிக்கும் ஒரு சோபாவும் உண்டு, பெயரில் இருந்த மரியாதை அந்தச் சோபாவில் இருக்கவில்லை. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாய்போல் ஆக்கியிருந்தார்கள், உள்ளே ஊதிய வாயு தோள்மூட்டில் குத்துகிறது என்று அவள் முனகினாள், கால்களில் இரத்தம் கட்டிவிடாமலிருக்க அன்று பின்னேரமே எழுப்பி, இறுக்கக் காலுறையோடு நடக்கவிட்டார்கள், மறுநாள் நீல மருந்து கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துத் தையலில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுத்த மேற்பகுதியில்தான், அதனால் கொஞ்சக் காலத்துக்குப் பசி அவ்வளவாகத் தெரியாது, விற்றமின் குளிசை மட்டும் வாழ்நாள் முழுக்க என்று மொழிபெயர்க்க வந்த பிள்ளை விளக்கினாள். கையில் 30 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைத் தந்தார்கள், கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம், வாய் வாயாக.

நகரத்தை நான் பார்க்கவில்லை. திறக்க முடியாத யன்னலுக்கு வெளியே சாம்பல் கடலில் இளவரசர் தீவுகள் தெரிந்தன, நெடுநேரம் பார்த்தால் ஊர்காவற்றுறைப் பக்கம்போலவும் தெரிந்தன, பிறகு தங்கிய ஹோட்டலில் மூக்கில் கட்டுப் போட்டவர்களும் மயிர் நட்ட தலையில் சிவப்புப் புள்ளிகளோடு இருந்தவர்களும் ஒரே மாதிரி மருத்துவக் கோப்புகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாகனத்துக்குக் காத்திருந்தார்கள், ஒருவரோடொருவர் பேசவில்லை. அந்த மனுசியிடம் சொல்லிக்கொண்டு வரவும் முடியவில்லை, நாங்கள் மருத்துவமனையிலிருந்து புறப்பட்ட காலை அந்தப் பக்கத்து அறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், குளோரின் மணந்தது.

ஆறாம் நாள், லண்டனுக்கான நாலு மணித்தியாலப் பறப்பில், சாப்பாட்டுத் தட்டுகள் வந்தன. தங்கச்சி தன் தட்டை, மூடியைக்கூடத் திறக்காமல், என் தட்டுக்குப் பக்கத்தில் மெல்லத் தள்ளினாள்.

'எனக்குப் பசிக்கேல்லை அக்கா, நீ இதையும் சாப்பிடு.'

நான் திரும்பி அவளுடைய முகத்தைப் பார்த்தேன், கண்ணை, உதட்டோரத்தை, தொண்டை ஏறி இறங்குகிறதா என்பதை, கொடிகாமத்தில் ஒரு நாளாவது பார்த்திருக்க வேண்டிய மாதிரி நின்று நிதானித்துப் பார்த்தேன். விமான இரைச்சலில் எந்த வயிற்றுச் சத்தமும் கேட்காது.

'என்னடியக்கா அப்பிடிப் பாக்கிறாய், உண்மையாத்தான்' என்று சொல்லி, கிண்ணத்தைக் கோடுவரை தண்ணீரால் நிரப்பி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி அளவு பார்த்தாள். நான் அவளுடைய பாணைப் பிய்த்து வாயில் வைத்தேன்.