செம்பும் களிம்பும்

செப்டம்பர் 5, 2022. திங்கள்

நேற்று முன்னிரவில் தொடங்கிய மழை விடியும்வரை ஓயாமல் பெய்ததில், பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி கரைக்குள் அடங்காமல் யமலூர்ப் பக்கம் வழிந்து, எங்கள் தெருவைக் காலை ஆறு மணிக்குள் ஓடையாக்கிவிட்டது. வாசலில் நின்ற காருக்குள் இருக்கையின் மெத்தை மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. ஒருநாளில் 131.6 மில்லிமீட்டர் மழை என்று வானிலை நிலையத்தார் கணக்குச் சொல்கிறார்கள்.

அடுத்த வீட்டுப் பிள்ளை, உதவும் நல்லெண்ணத்தோடுதான், சாவியைக் கேட்டான். “ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாமா அங்கிள்?” நான் பதறிப்போய்த் தடுத்தேன். காற்றைப்போல நீரை நெருக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும் சமயத்தில் இன்ஜினைச் சுழற்றினால், மேலேறும் பிஸ்டன் அந்த நீரில் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மின்சாரத்தின் விஷயம் இதைவிட நுட்பமானது. சாவியை எடுத்துவிட்டாலும் கடிகாரம், கதவுப் பூட்டு, திருட்டு எச்சரிக்கை மணி ஆகியவற்றுக்குச் செல்லும் கம்பிகளில் 12 வோல்ட் எந்நேரமும் காத்துக்கொண்டிருக்கிறது. தொடையளவு நீரில் நின்று, பத்தாம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

செப்டம்பர் 6. செவ்வாய்

தெருவில் டிராக்டர்கள் ஓடுகின்றன; கழுத்தில் அடையாள அட்டையோடு இளைஞர்கள் அவற்றில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். மண்டியா மாவட்டத்து டி.கே.ஹள்ளி நீரேற்று நிலையத்திலும் வெள்ளம் புகுந்துவிட்டதால் காவிரி நீர் வரவில்லை.

செப்டம்பர் 8. வியாழன்

நீர் வடிந்தது. வண்டியைக் கட்டியிழுத்து முருகேஷ்பாளையத்திலுள்ள ஒரு சிறிய பட்டறைக்குக் கொண்டுசென்றோம். அங்குள்ள எலக்ட்ரீஷியன் தருமபுரிப் பக்கத்துக்காரர். பேச்சில் கன்னடமும் தமிழும் பேதமின்றிக் கலந்து ஓடும். அவர் பானெட்டைத் திறக்கவேயில்லை. முதலில் இருக்கைகளைக் கழற்றினார். பிறகு கார்பெட்டைத் தூக்கினார். மேலே கைக்கு உலர்ந்ததாகப்பட்ட அந்தக் கார்பெட்டின் அடியில் இருந்த ஸ்பாஞ்சை அவர் பிழிந்தபோது, ஒரு வாளி நிறையக் கறுத்த நீர் வந்தது. “இதை விட்டுட்டு மேல தொடச்சா, ஆறு மாசத்துல எல்லாம் போயிடும் சார்.”

இன்ஜினை ஆளும் கணினி எங்கள் வண்டியில் டாஷ்போர்டின் உயரத்தில் இருந்ததால் தப்பிற்று. ஆனால் ஏர்பேகை இயக்கும் பெட்டி, இரு முன்னிருக்கைகளுக்கும் நடுவே தரையோடு தரையாக இருப்பதால், முழுவதும் முழுகியிருந்தது. அதை உலர்த்தி மீண்டும் மாட்டுவதில்லை, புதிதுதான் என்று அவர் திட்டமாகச் சொன்னார். உயிர் காக்கும் கருவியில் சிக்கனம் பார்க்க எனக்கும் மனம் வரவில்லை. அதன் கம்பிகளை இணைக்கும் மஞ்சள் நிறக் கப்ளர்களை அவிழ்ப்பதற்கு முன், பேட்டரி கழற்றி மூன்று நாளாயிற்றா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டார். அந்தப் பெட்டிக்குள் சேமித்து வைத்த மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதையும், அது ஒரு பையை வெடிக்கச் செய்யப் போதுமானது என்பதையும் அவர் அனுபவத்தால் அறிந்தவர்.

செப்டம்பர் 11. ஞாயிறு

நாள் முழுவதும் கப்ளர்களோடு கழிந்தது. காய்ச்சி வடித்த நீரால் ஒவ்வொன்றாகக் கழுவி, எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் பின்களுக்கிடையே செலுத்தி, மேஜை விசிறியின் முன் வைத்து உலர்த்தினோம். சூட்டுத் துப்பாக்கியை அவர் தொடவில்லை, பிளாஸ்டிக் இளகிவிடுமாம்.

ஐந்தாறு கப்ளர்களில் பச்சை பூத்திருந்தது. அதற்கு நம் பாஷையில் களிம்பு என்ற பழைய சொல் உண்டு. ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்போடு கூடிய களிம்பையே உவமையாகச் சொன்னார்கள். நனைந்த கப்ளரில் மின்சாரம் நின்றால், பாசிட்டிவ் பின்னிலுள்ள செம்பு கரைந்து நெகட்டிவ்வை நோக்கிச் செல்கிறது. ஒரு முனை மெலிய, மறுமுனையில் கசடு சேர்கிறது. முதல் நாள் நெகட்டிவ்வைக் கழற்றுவதற்கு முன் கடந்த சில மணி நேரத்திலேயே இவ்வளவு நேர்ந்திருக்கிறதென்றால், கழற்றாமல் விட்டவர்களின் வண்டிகள் எந்த ஸ்திதியில் இருக்கும்!

தூய மழைநீர் மட்டுமாயிருந்தால் இத்தனை விபரீதம் நேராது. உப்பும் சாக்கடையும் கரைந்த நீரில்தான் மின்சாரம் எளிதாகப் பாயும். பெல்லந்தூர் ஏரியோ சோப்பு நீரையும் சாக்கடையையும் பல்லாண்டுகள் குடித்து நுரைத்தது. 2015-லும் 2017-லும் நீரின்மேல் தீயும் புகையும் எழ, நகரமே அதைப் பார்த்து நின்றது. சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால், சாதாரண நீர் நுழையத் தயங்கும் இடுக்குகளிலும் இந்த நீர் நுழைகிறது. கம்பியின் உறைக்குள் இழைகளுக்கிடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறுகிறது. எலக்ட்ரீஷியன் ஒரு கம்பியின் உறையை இரண்டு அங்குலம் சீவிக் காட்டினார். உள்ளே செம்பு கரிபோல் கறுத்திருந்தது. நல்ல நிறம் கண்ட இடம்வரை வெட்டிப் புதுத் துண்டை ஈயம் வைத்து இணைத்தார்.

நான் பிறந்தது திருக்கோவலூர். பெல்லந்தூரிலிருந்து வர்த்தூருக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும், ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கும், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாக என் ஊர்த் துறைக்கும் செல்லவேண்டிய நீர் இது. கெலவரப்பள்ளியிலும் நுரை மலைபோல் பொங்குவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த ஆற்றில் நீந்தி வளர்ந்த எனக்கு, பல்தேய்க்கும் பிரஷால் பின்களைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது துக்கம் தொண்டையை அடைத்தது. வீட்டுக்கு வீடு நாம் கொட்டியதுதான் இது.

செப்டம்பர் 17. சனி

இன்ஜினில் நீர் புகவில்லை என்று உறுதியாயிற்று. எண்ணெயை மட்டும் மாற்றினார்கள். எலக்ட்ரீஷியன் எல்லா ஃப்யூஸ்களையும் பிடுங்கி வைத்துவிட்டுப் பேட்டரியை மாட்டி, ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் மீட்டரில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்தார். பின் கதவுக் கண்ணாடியின் ஃப்யூஸில் முள் எகிறிற்று. கதவைத் திறந்தால் மோட்டாருக்குள் சேறு. ஜே.சி. ரோட்டிலிருந்து வேறொன்று வாங்கிவரப் போகிறார். இன்ஷூரன்ஸ் மதிப்பீட்டாளர் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 19. புதன்

சென்ற வாரம் ஏர்பேக் விளக்கு மறுபடி எரிந்தது. இடது முன்னிருக்கைக்கு அடியிலிருந்த மஞ்சள் கப்ளரில், நாங்கள் கழுவியும் விட்டுப்போன ஒரே ஒரு பின்னில் பச்சை. இம்முறை கழுவவில்லை, கப்ளரையே மாற்றினார்.

இன்று மாலை மீண்டும் பெருமழை. முதல் இடி கேட்டவுடன் வண்டியை மேட்டிலுள்ள பழைய விமான நிலையச் சாலையோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, குடையோடு நடந்து திரும்பினேன். அடுத்த வீட்டுப் பிள்ளையும் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு என் பின்னாலேயே வந்து, அங்கேயே நிறுத்தினான்.