ஏற எளிது, இறங்க எளிது

நம் இல்லங்களில் வாகனம் ஒன்று வாங்கப்படும்போது, மூவருடைய விருப்பமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. பணம் தருபவர் ஒருவர். வண்டியை ஓட்டப்போகிறவர் மற்றொருவர். தெருவில் நின்று பார்க்கப்போகும் அயலார் மூன்றாமவர். ஆனால் அதே வண்டியில் வேதனையோடு ஏறி இறங்க வேண்டியவர் யாரோ, அவருடைய கருத்தை எவரும் கேட்பதில்லை. நாளடைவில் அந்த முதியவர், "எனக்கு வெளியே வர விருப்பமில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லத் தொடங்குகிறார். வண்டியில் ஏற முடியாமையைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்பதை வீட்டார் உணர்வதில்லை.

கடந்த ஆண்டு எங்கள் பங்கில் நிகழ்ந்ததை, சம்பந்தப்பட்ட குடும்பத்தின் இசைவோடும் பெயர்களை விடுத்தும் இங்கே எழுதுகிறேன். இதேபோன்ற முடிவு எடுக்கவேண்டிய நிலையில் உள்ள வேறு குடும்பங்களுக்கு இது பயன்படலாம்.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேடும் பள்ளமும் நிறைந்த பகுதியில் உள்ளது. சாலைகள் குறுகியவை, வீடுகளுக்குச் செல்லும் வழிகள் அவற்றினும் குறுகியவை. அங்கே வாழும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவருக்கு வயது 72. இடது இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை நடைபெற்றது. ஊன்றுகோலுடன் நடமாட மருத்துவர் அனுமதித்தார். ஆனால் இரண்டு கட்டுப்பாடுகளை விதித்தார். இடுப்பு முழங்காலுக்குக் கீழே தாழும்படியான இருக்கையில் அமரக்கூடாது. கிளட்ச் மிதித்து வண்டி ஓட்டக்கூடாது.

அவர் வீட்டில் பழைய சிறிய கார் ஒன்று இருந்தது. இருக்கை தாழ்வானது, கியர் கையால் மாற்றுவது. வீட்டிலிருந்து ஆலயம் நான்கு கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்குள் தாம் 68 முறை கிளட்ச் மிதிப்பதாக அவர் ஒருமுறை எண்ணிச் சொன்னதுண்டு, கணக்காசிரியர் அல்லவா? இப்போது அந்தக் கார் கொட்டகையில் உறை மூடிக் கிடந்தது. ஆட்டோவில் ஏறுவதோ அதனினும் கடினம்: படி உயரம், கூரை தாழ்வு, வழியெல்லாம் குலுக்கல். ஆகவே அவர் வீட்டோடு தங்கிவிட்டார்.

மாதந்தோறும் முதல் வெள்ளியன்று அவருக்கு நற்கருணை கொண்டுசெல்வேன். ஒருநாள் அவர் சொன்னார்: "சாமி, ஆண்டவர் என்னைத் தேடி வருகிறார், அது பெரும் பேறுதான். ஆனால் நான் எழுந்து அவரைத் தேடிப் போன நாள்களை நினைத்தால் மனம் கனக்கிறது." அவர் வாகனத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, எனினும் அது வாகனத்தைப் பற்றிய பேச்சே என்று எனக்குப் பட்டது.

அவருடைய மகன் தோகாவில் பணியாற்றுகிறார். அடுத்த வாரமே தொலைபேசியில் அழைத்தார். "சாமி, அப்பாவுக்கு ஒரு பெரிய வண்டி வாங்கித் தரப்போகிறேன். நல்ல உயரமான வண்டி. டிரைவர் சம்பளத்தையும் நானே அனுப்பிவிடுகிறேன். நீங்கள்தான் அப்பாவைச் சம்மதிக்கச் செய்யவேண்டும்" என்றார். அந்தக் குரலில் இருந்த அன்பை நான் ஐயுறவில்லை. "முதலில் அப்பாவே வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

ஆசிரியரையும் அவர் துணைவியாரையும் அழைத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள ஒரு ஷோரூமுக்குச் சென்றோம். மகன் விரும்பிய பெரிய வண்டி கம்பீரமாக நின்றது. ஆனால் அதன் தளம் உயரம். இடது காலை மடக்கித் தூக்கி வைக்க ஆசிரியரால் இயலவில்லை. பணியாளர் இருவர் ஓடிவந்து, ஆளுக்கொரு தோளைப் பிடித்து அவரை உயர்த்தி உட்கார வைத்தனர். அவர்கள் பணிவோடுதான் செய்தனர். எனினும் ஆசிரியரின் முகம் வாடியது. அம்மா என் அருகே வந்து மெல்லச் சொன்னார்: "சாமி, கோயில் முற்றத்தில் எல்லாரும் பார்த்து நிற்க, இவர்களை இப்படி இரண்டு பேர் இறக்க வேண்டுமென்றால், இவர்கள் வீட்டுப் படியைத் தாண்டமாட்டார்கள்."

அதன்பின் தாழ்ந்த அமைப்புடைய ஒரு கார் காட்டப்பட்டது. அதில் அமர்வது ஏறுவதாக இல்லை, விழுவதாக இருந்தது. எழுவதற்கோ கதவைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. திறந்த கதவு அசையும் பொருள். அதைப் பற்றி எழுவது ஆபத்து.

இரண்டையும் பார்த்தபின் நாங்கள் கண்ட விதி எளியது. முதியவர் காரின் அருகே நேராக நிற்கட்டும். இருக்கையின் விளிம்பு அவருடைய முழங்காலுக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் இருக்கவேண்டும். அப்படியிருந்தால் அவர் ஏறவும் வேண்டாம், விழவும் வேண்டாம். பின்புறமாகச் சாய்ந்து அமர்ந்து, இரு கால்களையும் ஒன்றுசேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டால் போதும். இருக்கையின்மேல் வழுவழுப்பான துணி ஒன்றை விரித்தால் திரும்புவது இன்னும் எளிதாகும். வண்டி புறப்படுமுன் அதை எடுத்துவிட வேண்டும்.

பழைய அம்பாசிடர் காரை நம் பெரியவர்கள் இன்றும் புகழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். 2014-ஆம் ஆண்டில் உத்தர்பாராவில் அதன் உற்பத்தி நின்றது. அதுவரை அதில் ஏறியவர்கள் வீட்டுச் சோபாவில் அமர்வதுபோல் அமர்ந்தார்கள். இன்று அந்த வசதியைச் சிறிய கார்களில் தேடினால், உயரமான கூரை கொண்டவற்றில்தான் காணலாம். சப்பானில் மிகச் சிறிய கார்களின் நீளத்துக்கும் அகலத்துக்கும் சட்டம் எல்லை வகுத்திருந்தது. ஆகவே சுசூக்கி நிறுவனம் 1993-இல் தன் காரை மேல்நோக்கி வளர்த்தது. அதுவே வேகன்-ஆர். 1999-இல் அது இந்தியாவுக்கு வந்தது. 2019-இல் இங்கே வெளிவந்த அதன் வடிவம் 3,655 மில்லிமீட்டர் நீளமும் 1,675 மில்லிமீட்டர் உயரமும் உடையது. குறுகிய சந்தில் திரும்பும், தலை இடிக்காது. டாட்டா நிறுவனத்தின் ஆல்ட்ரோஸ், பஞ்ச் ஆகிய கார்களின் கதவுகள் ஏறக்குறைய 90 பாகை திறக்கின்றன என்பதும் ஊன்றுகோல் பிடித்தவர்க்கு ஒரு நன்மையே. கதவு அகலத் திறந்தால்தான் உடலைத் திருப்ப இடம் கிடைக்கும்.

இருக்கை முடிவாயிற்று. இனி, ஓட்டுகிறவர் யார்? மகன் டிரைவர் வைக்கச் சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை அதிகாலைத் திருப்பலிக்கு டிரைவர் கிடைப்பது அரிது. மேலும், மருந்துக்கடைக்கும் சந்தைக்கும் ஒருவரை எதிர்பார்த்துக் காத்திருக்க ஆசிரியர் விரும்பவில்லை. அப்போதுதான் அம்மா, தரையைப் பார்த்தபடி, "நான் ஓட்டக் கூடாதா?" என்று கேட்டார்.

அவருக்கு வயது 63. மிதிவண்டிகூட ஓட்டியதில்லை. ஆசிரியர் சிரித்துவிடுவாரோ என்று நான் அஞ்சினேன். அவர் சிரிக்கவில்லை. "நாற்பது ஆண்டுகளாகத் தையல் இயந்திரம் மிதித்த கால். கிளட்ச் இல்லாத வண்டியாக இருந்தால் நிச்சயம் ஓட்டும்" என்றார்.

ஆட்டோமேட்டிக் கார் என்றதும் அது பணக்காரருக்குரியது என்று எண்ணும் காலம் ஒன்று இருந்தது. எண்ணெயின் சுழற்சியால் இயந்திரத்தின் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கடத்தும் அமைப்பைச் செருமானியப் பொறியாளர் ஃபோட்டிங்கர் 1905-இலேயே காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 1940-ஆம் ஆண்டு வரிசை முதல் தானியங்கு கியர் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. அவ்வகைக் கியர் மிருதுவானது, விலையும் மிகுதி. இரு கப்பிகளையும் ஒரு பட்டையையும் கொண்டு, படிகளே இல்லாமல் வேகத்தை மாற்றும் சி.வி.டி. என்பது மற்றொரு வகை. 1958-இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் அதைச் சிறிய காரில் பொருத்தியது.

நம் நாட்டின் நடுத்தரக் குடும்பங்களுக்கு வழி திறந்தது மூன்றாவது வகையாகிய ஏ.எம்.டி. 2014-இல் மாருதியின் செலேரியோ கார் அதைக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது வழக்கமான கியர்ப்பெட்டியே. ஆனால் கிளட்சை அழுத்துவதையும் கியரை மாற்றுவதையும் ஒரு சிறு இயந்திரக் கருவி செய்துவிடுகிறது. ஆகவே எரிபொருள் செலவு ஏறக்குறைய பழையபடியே இருக்கும். விலையும் சிறிய கார்களில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாயே கூடும். குறை ஒன்று உண்டு: கியர் மாறும் நொடியில் வண்டி சற்றே தலையசைக்கும். காலை மென்மையாக அழுத்தப் பழகினால் அது பெரிதும் குறையும். மின்சாரக் கார்களிலோ கியர் மாற்றும் வேலையே இல்லை. ஆயினும் சிறியதென்று எண்ணி இரு கதவுகளே உள்ள எம்.ஜி. காமெட் போன்றதை வாங்கினால், பின்னால் அமர்பவர் முன்னிருக்கையை மடக்கி நுழைய வேண்டும் என்பதை நினைவிற்கொள்க.

அந்தக் குடும்பத்தார் ஏ.எம்.டி. பொருத்திய வேகன்-ஆர் காரையே தேர்ந்தனர். வாங்குமுன் ஆசிரியர் இரண்டை வற்புறுத்தினார். ஒன்று, மேட்டுச் சாலையில் பிரேக்கிலிருந்து கால் எடுத்ததும் வண்டி பின்னோக்கி உருளாதபடி சில நொடி பிடித்துக்கொள்ளும் வசதி வேண்டும். மற்றொன்று, ஷோரூம் வாசலில் ஒரு சுற்றோடு நிறுத்தாமல், எங்கள் ஊர் ஏற்றத்தில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டும் நிறைவேறின.

அம்மா முறைப்படி பழகுநர் உரிமம் பெற்றார். நாற்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்று இணைக்க வேண்டும்; கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் எங்கள் பள்ளி மைதானத்தில் மாலைதோறும் கற்றுக்கொடுத்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன மூன்று செய்திகளை எல்லாரும் அறிந்திருப்பது நலம். ஆட்டோமேட்டிக் காரில் வலது கால் ஒன்றே இரு மிதிகளையும் கவனிக்க வேண்டும். இடது கால் ஓய்வில் இருக்க வேண்டும், அதைப் பிரேக்கில் வைத்தால் குழப்பம் நேரும். கியரை 'டி'யில் வைத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே வண்டி ஊரத் தொடங்கலாம். ஆகவே முதலில் பிரேக், பிறகே கியர். ஏ.எம்.டி. கார்கள் பெரும்பாலானவற்றில் வண்டியைப் பூட்டி நிறுத்தும் 'பி' நிலை கிடையாது. இறங்குமுன் ஹேண்ட் பிரேக் போடுவதை ஒருநாளும் மறக்கலாகாது.

தேர்வில் அம்மா முதல் முறை தோற்றார். ஆசிரியர் அன்று மாலை மைதானத்துக்குத் தாமே வந்து, நாற்காலி போட்டு அமர்ந்து, எட்டுப் போடும் வளைவைச் சுண்ணாம்புப் பொடியால் வரையச் செய்தார். இரண்டாம் முறை உரிமம் கிடைத்தது. 55 வயதைக் கடந்தவர்க்கு அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். "போதும் சாமி, ஐந்து ஆண்டுக்குப் பிறகு மறுபடியும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்" என்றார் அம்மா.

ஆகஸ்டு 15, மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. திருப்பலி தொடங்கக் கால்மணி நேரம் இருக்கையில் அந்தக் கார் முற்றத்தில் வந்து நின்றது. உதவ ஓடிய இளைஞர்களை ஆசிரியர் கையமர்த்தினார். கதவை அகலத் திறந்து, இரு கால்களையும் ஒன்றாக வெளியே திருப்பி, ஊன்றுகோலை நிலத்தில் ஊன்றி, தாமாகவே எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்தார். அவ்வளவுதான், யாரும் கைதட்டவில்லை, பலர் கவனிக்கவும் இல்லை. அவர் விரும்பியதும் அதுவே.

மகன் தொடக்கத்தில் சற்று வருந்தினார். "இவ்வளவு சிறிய வண்டியா?" என்று கேட்டார். விடுமுறைக்கு வந்தபோது தாய் ஓட்ட, தந்தை அருகில் அமர, பின்னிருக்கையில் அமர்ந்து மார்த்தாண்டம் வரை போய்வந்தார். அதற்குப்பின் அந்தக் கேள்வி எழவில்லை.

வெளிநாட்டிலும் வெளியூரிலும் உழைத்து, பெற்றோர்க்கு வாகனம் வாங்கித்தர நினைக்கும் பிள்ளைகளே! உங்கள் அன்பு பெரிது. பணம் அனுப்புமுன் ஓர் அளவுநாடா வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தந்தை தரையிலிருந்து முழங்கால்வரை எவ்வளவு உயரம், உங்கள் தாய் எந்த நாற்காலியிலிருந்து பிறர் துணையின்றி எழுகிறார், வீட்டு வாசலில் எவ்வளவு அகலம் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, எந்த வண்டி என்பதை அவர்களே அமர்ந்து பார்த்துச் சொல்லட்டும்.