ஆரஞ்சுத் தோட்டமும் இருபது மீட்டர் கம்பியும்

இந்திய வரைபடத்தில் நாக்பூர் மேல் ஸ்கேலை வைத்து நேர் தெற்கே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். வேலூரை உரசிக்கொண்டு இறங்கி கிட்டத்தட்ட தஞ்சாவூரில் போய் நிற்கும். மூன்று ஊருக்கும் தீர்க்கரேகை 79 டிகிரி சொச்சம். எங்கள் கிராமம் பட்டுக்கோட்டைக்குப் பக்கம். நேர்கோட்டில் அளந்தால் நாக்பூரிலிருந்து சுமார் 1,190 கிலோமீட்டர். இந்தக் கணக்கையெல்லாம் நான் பூகோள ஆர்வத்தில் போடவில்லை. படித்தது பி.காம்., பிழைப்பது வங்கியில். காரணம் கஜா.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது நான் ராய்ப்பூர் கிளையில் இருந்தேன். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு அப்பா போனில், "காத்து ஆரம்பிச்சிருச்சுப்பா, நீ படு" என்றார். அதோடு சரி. மின்கம்பங்கள் சாய்ந்து, டவர்களுக்குக் கரண்ட் போய், டீசலும் தீர்ந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மொத்தமும் ஊமையாகிவிட்டது. டிவியில் விழுந்து கிடக்கும் தென்னைகளைக் காட்டினார்கள். எங்கள் தோப்பா, பக்கத்துத் தோப்பா என்று யாருக்குத் தெரியும்? நாலு நாள். ஐந்தாம் நாள் ஒரு சித்தப்பா மகன் பைக்கில் தஞ்சாவூர் வரை வந்து, சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டு, "பெரியப்பா பெரியம்மா நல்லாருக்காங்க, தோப்புதான் போச்சு" என்றான். அந்த நாலு நாளில் கவுண்டரில் உட்கார்ந்து என்னென்ன வவுச்சரில் கையெழுத்துப் போட்டேனோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மில் பலருக்கும் இப்படி ஒரு நாலு நாள் இருக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் இருந்திருக்கும், இல்லை 2017 ஒக்கி சமயத்தில் கன்னியாகுமரிப் பக்கம் இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெச்சூர் ரேடியோ, செல்லமாக ஹாம் ரேடியோ. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் சார்பாக பாரதி பிரசாத் என்ற அம்மையார் ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போயிருந்தார். நீண்ட வருடங்களாக ஹாம் ஒலிபரப்பே இல்லாத அந்தமானிலிருந்து உலகம் முழுக்கப் பேசுவதுதான் திட்டம். 26-ம் தேதி சுனாமி. தொலைபேசிகள் செத்துப்போன தீவிலிருந்து, அதே பெட்டியை வைத்துக்கொண்டு, யார் பத்திரம், எங்கே என்ன வேண்டும் என்று தாய்நிலத்துக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். பேப்பரில் படித்து வியந்ததோடு விட்டிருந்தேன். கஜாவுக்குப் பிறகுதான் அது மறுபடி ஞாபகம் வந்தது.

தேர்வுக்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்துகிறது. அடிப்படை எலக்ட்ரானிக்ஸ் ஒரு பகுதி, விதிமுறைகள் இன்னொரு பகுதி. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்றால் மோர்ஸ் கிடையாது. 12 வயதிருந்தால் போதும், யாரும் எழுதலாம். கணக்குப் பரீட்சை எழுதியவனுக்கு ஓம் விதி பயமில்லை. உரிமம் கைக்கு வரத்தான் பொறுமை வேண்டும். முகவரியும் அதில் அச்சாகும், ஆகவே டிரான்ஸ்ஃபர் ஆகிற ஜாதியான நாம் அதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். என் மச்சினனும் எழுதினான். பட்டுக்கோட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். எனக்கு முன்னால் பாஸ்!

ஆனால் உரிமம் வாங்கி நாக்பூர் ஃபிளாட்டில் பெட்டியைப் போட்டால் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே இரைச்சல். பக்கத்து வீட்டு எல்ஈடி பல்பு, மாடி இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர் எல்லாம் சேர்ந்து 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மீன் மார்க்கெட்டாக்கி வைத்திருக்கின்றன. சொசைட்டி செயலாளர் மொட்டை மாடியில் கம்பி கட்ட விட மாட்டார் என்பது தனிக்கதை. தவிர, புயல் நேரத்துக்குத்தான் இது என்றால், வீட்டு பிளக்கை நம்பி உட்கார்ந்து பழகிப் பிரயோஜனமில்லை. வெட்டவெளியில், பேட்டரியில், ஒரு மணி நேரத்துக்குள் நிலையத்தை எழுப்பத் தெரிய வேண்டும்.

அப்படித்தான் ஒரு ஜனவரி ஞாயிறு காலை காட்டோல் பக்கம் போனோம். நாக்பூரிலிருந்து 60 கிலோமீட்டர் போல. என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய அண்ணனின் ஆரஞ்சுத் தோட்டம். (நம் கிளையில் கடன் வாங்கியவர் இல்லை. விஜிலென்ஸ்காரர்கள் யாராவது படித்தால் குறித்துக்கொள்ளவும் :-) "ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் வீட்ல இருக்கீங்க" என்று ஆரம்பித்த வீட்டம்மா, தோட்டம் என்றதும் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு மகளோடு வண்டியில் ஏறிவிட்டார்.

ஆன்டெனா என்றால் ஏதோ பெரிய இரும்புச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். வீட்டு ஒயரிங் கம்பிதான். 468-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் அடியில் வந்துவிடும். 7.1-க்கு 66 அடி, அதாவது இருபது மீட்டர். சரிபாதியாக வெட்டி, நடுவில் ஒரு பிவிசி குழாய்த் துண்டில் இரண்டு முனையையும் கட்டி, அங்கிருந்து கேபிளை இறக்க வேண்டும். நான் பக்கத்துக்கு ஒரு அடி கூட விட்டுத்தான் வெட்டினேன். நீளம் அதிகமானால் நுனியை மடித்துக் கட்டிக்கொள்ளலாம், குறைந்தால் கடைக்கு ஓட வேண்டும். கேபிளையே பத்துச் சுற்று வளையமாகச் சுற்றி நடுமுனைக்குக் கீழே டேப் போட்டு ஒட்டிவிட்டேன். கேபிளின் வெளி உறை வழியாக அலை திரும்பி வந்து பெட்டியைத் தொந்தரவு செய்யாமல் இருக்க இது.

கிணற்றடியில் ஒரு வேப்பமரம். 30 அடி உயரத்தில் நல்ல கிளை. நைலான் கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி எறிய வேண்டும். எறிவதற்கு முன் மின்கம்பி எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை என்று சுற்றி வந்து பார்த்துக்கொண்டேன். இது விளையாட்டில்லை, தோட்டங்களுக்குள் 11 கேவி லைன் தாழ்வாகவே போகும். மாங்காய் அடித்து வளர்ந்த கை, மூன்றாவது எறியில் கல் கிளையைத் தாண்டியது. நடுமுனையை மேலே இழுத்து, இரண்டு கைகளையும் கூடாரம் மாதிரி கிழக்கிலும் மேற்கிலும் இறக்கினோம். கிழக்கு மேற்காகக் கட்டினால் வீச்சு வடக்கு தெற்காகப் போகும். இவ்வளவு தாழ்வாக இருக்கும்போது அந்தத் திசைக் கணக்கு பெரிதாகப் பொருந்தாது என்பது தெரியும், இருந்தாலும் ஊர்ப்பக்கம் பார்த்துக் கட்டுவதில் ஒரு திருப்தி. காய் பாரத்தில் கிளை ஒடியாமல் இருக்க ஆரஞ்சு மரங்களுக்கு மூங்கில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். மிச்சமிருந்த இரண்டு மூங்கிலை அண்ணன் கொடுத்தார். நுனிகள் எட்டடி உயரத்தில் நின்றன. பேசும்போது நுனியில் மின்னழுத்தம் அதிகம், யார் கையும் படக்கூடாது.

"ஹே காய் ஆஹே, சாஹேப்?" என்று கேட்டுக்கொண்டு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். உரிமத்தின் நகலைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன், காட்டினேன். வெளியிடத்தில் நிலையம் போடுபவர்கள் விதிகளைப் படித்துவிட்டுப் போவதும், காகிதத்தைக் கையோடு கொண்டுபோவதும் நல்லது. அந்நியன், கம்பி, பெட்டி என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

பெட்டி பிட்எக்ஸ் வகை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-ல் உருவாக்கிய வடிவமைப்பு. காயில் சுற்ற வெளிநாட்டுச் சாமான் தேடாமல், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில் சுற்றச் சொன்ன மனுஷன்! என்னுடையது 7 வாட். எங்கள் வீட்டு ஹால் பல்பே 9 வாட். மின்சாரம், யூபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி.

மீட்டரில் எஸ்டபிள்யூஆர் முதலில் 2-க்கு மேல் காட்டியது. நுனிகளை ஒரு சாண் மடித்ததும் 1.3. போதும். காதில் ஹெட்போனை மாட்டினால், அடடா, என்ன அமைதி! கூடவே வினாடிக்கு ஒரு தரம் "டிக்... டிக்". கடிகாரம் மாதிரி. மகள்தான் கண்டுபிடித்தாள். காட்டுப்பன்றி வராமல் இருக்க வேலியில் போட்டிருக்கும் ஜட்கா மெஷின். அண்ணன் போய் அணைத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஏழேகால். எட்டு பத்துக்கு முதல் அழைப்பு. காலையில் இந்த அலைவரிசை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இறங்கும். உச்சி வெயில் ஏற ஏற, கீழடுக்கு அதை விழுங்கிவிடும். அதனால் பத்து மணிக்குள் முடிக்க வேண்டும். நாலு தரம் கூப்பிட்டேன். ஐந்தாவது தரம், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல, "அத்தான், கேக்குது... அஞ்சு அஞ்சு... மாமா பக்கத்துலதான் உக்காந்து கேட்டுக்கிட்டிருக்காங்க" என்றான்.

அவன் தன் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே போயிருந்தான். தென்னையெல்லாம் 2018-ல் போய்விட்டதால் கம்பி கட்ட அங்கே பனைமரம்தான். அந்தப் புயலிலும் நின்றது அதுதானே. மைக்கை அப்பாவிடம் கொடுக்கவா என்றான். வேண்டாம் என்றேன். உரிமம் உள்ளவர்தான் பேச வேண்டும். அதை மீறிப் பழகினால் நாளை அவசரம் என்று வரும்போது நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது. அப்பாவுக்கு அது வருத்தம்தான் என்று ராத்திரி போனில் தெரிந்தது. "நீ பேசுனது கேட்டுச்சு. நான் பேசுனா என்ன குத்தமா?" என்றார். என்ன சொல்ல? நீங்களும் பரீட்சை எழுதுங்கப்பா என்றேன். 78 வயது.

வந்த வேலை வேறு. இருபது ஊர்ப்பெயர்களை எழுதி வைத்திருந்தேன். மதுக்கூர், அதிராம்பட்டினம், திருச்சிற்றம்பலம் என்று ஒவ்வொன்றாக வாசிக்க, அவன் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். குரல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இருபதில் பதினேழு சரி. ஒரத்தநாடு அவனுக்கு வடகாடாக விழுந்தது. நிஜப் புயலில் அந்த ஒரு எழுத்துக்காக ஒரு லாரி தண்ணீர் வேறு ஊருக்குப் போகும். இரண்டாவது தரம் மெதுவாக, ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னதில் இருபதும் சரியாக வந்தது. நேரம் இரண்டு மடங்கு.

இதெல்லாம் எதற்கு, இப்போதுதான் சாட்டிலைட் போன் இருக்கிறதே என்று வீட்டில் ஒரு கேள்வி வந்தது. இந்தியாவில் அதைத் தனியார் நினைத்தபடி வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஹாம் ரேடியோவும் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. அந்தப் பக்கம் பெட்டியும் பேட்டரியும் பழக்கமும் உள்ள ஒரு ஆள் இருந்தால்தான் இந்தப் பக்கக் கம்பிக்கு அர்த்தம். எங்களுக்கு மச்சினன் இருக்கிறான். பேராவூரணியில் ஒருவர், அறந்தாங்கியில் ஒருவர் என்று இன்னும் இரண்டு பேரைப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறான்.

ஒன்பதரைக்குக் குரல் இரைச்சலுக்குள் போய்விட்டது. பேட்டரியில் 12.1 வோல்ட் மிச்சம். கயிற்றை இறக்கிச் சுருட்டக் கால்மணி நேரம் ஆயிற்று. வேலி மெஷினை மறக்காமல் போடச் சொல்லிவிட்டு, அண்ணன் கொடுத்த ஒரு கூடை ஆரஞ்சுக்குப் பணம் கொடுக்கப் பெரிய சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மச்சினன் வரும் அக்டோபருக்குள் பனையில் ஒரு கப்பி கட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறான். மழைக்காலத்தில் மரம் ஏற ஆள் கிடைக்காது.