ரேகை விழாத விரல்கள்

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஆக்செல் ஹோனெத் 1992இல் அங்கீகாரத்திற்கான போராட்டம் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அன்பு, உரிமை, சமூக மதிப்பு ஆகிய மூன்றின் வழியே பிறரால் ஏற்கப்படும்போதுதான் மனிதன் தன்னையே மதிக்கக் கற்கிறான் என்பது அதன் சாரம். போராட்டங்களின் வேர் பசியில் மட்டுமன்று, அவமதிப்பிலும் இருக்கிறது என்றார் அவர்.

அடையாளம் காண்பதும் அங்கீகரிப்பதும் தமிழில் இரு வேறு சொற்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லே போதும். அரபியிலோ அறிமுகமாதலைக் குறிக்கும் 'தஆருஃப்', ஏற்று ஒப்புதலைக் குறிக்கும் 'இஃதிராஃப்', நன்மை என நாம் வழங்கும் 'மஅரூஃப்' ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. மனிதர் பல சமூகங்களாக ஆக்கப்பட்டதற்கு அல்ஹுஜுராத் அத்தியாயம் கூறும் காரணத்திலும் இவ்வேரின் வினையே வருகிறது.

இயந்திரங்கள் இவற்றுள் முதலாவதை மட்டுமே செய்யக்கூடியவை. அதையும் எல்லோருக்கும் ஒன்றுபோல் செய்வதில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ருவுடன் இணைந்து 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆப்பிரிக்காவில் மூன்று, ஐரோப்பாவில் மூன்று என ஆறு நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர் 1,270 பேரின் படங்களைக் காட்டி, ஆணா பெண்ணா என்று மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை சென்றது. புவோலம்வினி கறுப்பினப் பெண். முன்பொரு கேமரா, அவர் வெள்ளை முகமூடி அணிந்த பிறகே அவருக்கு முகம் இருப்பதைக் கண்டுகொண்டதாம்.

இதைப் படித்தபோது எங்கள் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். விரல் நுனிகள் தேய்ந்து வழவழத்துவிட்டன. ரேஷன் கடைக் கருவியில் ரேகை விழுவதில்லை. பதிவு செய்த கைபேசிக்கு வரும் எண்ணைச் சொல்லியும் பொருள் பெறலாம். ஆனால் அந்தக் கைபேசி சவூதியில் வேலை செய்யும் மகனிடம் இருக்கிறது. கடைக்காரருக்கோ அவரை இருபது ஆண்டுகளாகத் தெரியும். "உம்மா, உங்களைத் தெரியாதா எனக்கு? மெஷின் ஒத்துக்க மாட்டேங்குதே" என்று சங்கடத்துடன் கூறினார். பெரியம்மா வீட்டுக்கு வந்து, "நான் நானில்லையாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று மாலைவரை அவர் அதிகம் பேசவில்லை. அரிசி மறுநாள் கிடைத்துவிட்டது.

பள்ளிவாசலைப் பெருக்கி வந்த பெண்ணொருவர் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. (ஆண் என்றும் ஓர் ஐயம் அறிவிப்பில் உள்ளது.) அவர் இறந்தபோது தோழர்கள் அதைப் பெரிதாகக் கருதாமல், நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. ஆளைக் காணாமல் விசாரித்தவர் நபியவர்கள்தாம். பின்பு அடக்கத்தலத்திற்கே சென்று தொழுகை நடத்தினார்கள்.

சென்ற மாத ஜமாஅத் கூட்டத்தில், மக்தப் பிள்ளைகளின் வருகையை முகம் பார்க்கும் கேமராவில் பதியலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். நேரம் மிச்சமாகும், கணக்கும் துல்லியமாக இருக்கும் என்றார். அது உண்மையே. வராத பிள்ளையை அது குறித்துக்கொள்ளும். ஏன் வரவில்லை என்று அந்த வீட்டுக்குச் சென்று கேட்பவர் யார் என்று நான் கேட்டேன். உஸ்தாத் காலையில் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமே தொடரட்டும் என்பது என் கருத்து. அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க இருக்கிறார்கள்.