தோள் கொடுக்கும் வீடுகள்

அகமதாபாத், காலை 8 மணி. காலுபூர் சுவாமிநாராயணன் கோயில் வாசலில் ஒரு சிறு கூட்டம் நடக்கத் தயாராக நிற்கிறது. 1997இல் மாநகராட்சி ஆரம்பித்த பாரம்பரிய நடைப்பயணம் இது. 1822இல் எழுந்த கோயிலில் தொடங்கி 1424இல் கட்டி முடித்த ஜும்மா மசூதியில் முடியும். வரைபடத்தில் பார்த்தால் கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவே இருப்பவை போள்கள். அங்கே நேர்வழி என்று எதுவும் கிடையாது.

போள் என்பது ஒரே வாயிலுக்குள் அடங்கிய தெருக்கூட்டம். இரவில் கதவைச் சாத்திவிட்டால் வெளியாள் நுழைய முடியாது. பெரும்பாலும் ஒரே சாதியோ ஒரே தொழிலோ உள்ள குடும்பங்கள்தான் உள்ளே வாழ்ந்தன. சந்துகள் திடீரென முட்டி நிற்கும். வீட்டுக் கதவு என்று நினைத்துத் தள்ளினால் அடுத்த போளுக்குப் போய்விடலாம். கலவரக் காலங்களுக்காகச் செய்துவைத்த ஏற்பாடு அது. உள்ளே ஒரு கோயில், ஒரு கிணறு, பறவைகளுக்குத் தானியம் போட கம்பத்தின்மேல் சிறு மண்டபம் போன்ற சபுத்ரோ.

வீடுகளுக்கு முகம் குறுகல், உடல் நீளம். வாசலில் திண்ணை, நடுவில் முற்றம். முற்றத்துக்கு அடியில்தான் அதிசயம்: டாங்கா என்ற நிலத்தடித் தொட்டி. முதல் மழையை வீணாக விட்டுவிடுவார்கள். மாடியைக் கழுவிய பிறகு விழும் மழைதான் குழாய் வழியே தொட்டிக்குள் இறங்கும். வெயில் படாத அந்த நீரை வருடம் முழுக்கக் குடித்தார்கள். இன்று பல வீடுகளில் தொட்டி இருக்கிறது, மூடியைத் திறக்கத்தான் ஆளில்லை.

இந்த வீடுகள் தனித்தனியே நிற்பவை அல்ல. செங்கல் சுவருக்குள் தேக்குச் சட்டங்களைப் பின்னி, பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்குபோட்டு நிற்கின்றன. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் நகரின் புதிய பகுதிகளில் கான்கிரீட் அடுக்குமாடிகள் சரிந்தபோது, போள் வீடுகளில் பெரும்பாலானவை ஆடிவிட்டு நின்றன. அதனால்தான் ஒரு வீட்டை இடிப்பது ஒரு வீட்டோடு முடிவதில்லை. அடுத்த வீட்டின் சுவர் அம்மணமாகிறது. மழை இறங்குகிறது, சட்டம் உளுக்கிறது.

இடிக்கத்தான் செய்கிறார்கள். கார் நுழையாத சந்தில் யார் இருப்பார்கள்? வசதி வந்தவர்கள் சபர்மதியின் மேற்குக் கரைக்குப் போய்விட்டார்கள். காலி வீடு கிடங்காகிறது. செதுக்கிய தூண்கள் பழம்பொருள் வியாபாரியிடம் போய்ச் சேருகின்றன. 2017இல் யுனெஸ்கோ இதை இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. பழைய வீட்டைக் காப்பாற்றுபவர் அதன் கட்டுமான உரிமையை வேறு இடத்துக்கு விற்றுப் பணமாக்கவும் வழி உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் பல ஊர்களில் சிதறிய வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமே!

லாம்பேஷ்வர் போளில் கவிஞர் தல்பத்ராமின் வீட்டைப் பார்க்கலாம். வீட்டை என்றா சொன்னேன்? அது போய்விட்டது. மாநகராட்சி முகப்பை மட்டும் திரும்ப எழுப்பி, திண்ணையில் கவிஞரை வெண்கலச் சிலையாக உட்கார வைத்திருக்கிறது.

ஆளில்லாத மாடிகள் ஜனவரி 14 அன்று மட்டும் நிரம்பி வழியும். உத்தராயணப் பட்டத் திருவிழா. அக்கரைக்குப் போனவர்கள் உந்தியு பாத்திரத்தோடு திரும்பி வருவார்கள். மாடியை அன்று ஒரு நாளைக்கு வாடகைக்கு விடுபவர்களும் உண்டு.

நடந்த களைப்புக்கு மாணெக் சௌக். விடியற்காலையில் அங்கே பசுக்களுக்குத் தீவனம் போட்டுப் புண்ணியம் தேடுவார்கள். பகலில் நகைக்கடைகள். அவை ஷட்டரை இறக்கியதும், அதே வாசல்களில் அடுப்புகள் வந்து இறங்கும். பாவ்பாஜி, குல்ஃபி, ரொட்டியில் சாக்லெட்டும் சீஸும் துருவிப்போடும் சாண்ட்விச். நம் தோசையும் இருக்கிறது, ஆனால் அடையாளம் தெரியாது. கல்லிலேயே வெண்ணெய்க் கட்டியைக் கரைத்து, காய்கறி மசாலாவை அதன்மேல் மசித்து, சீஸை மழையாகத் தூவிச் சுருட்டித் தருகிறார்கள். தொட்டுக்கொள்ளும் சாம்பாரில் வெல்லம். முகம் சுளித்தபடிதான் முதல் வாய் சாப்பிட்டேன். தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

நள்ளிரவு தாண்டியும் கூட்டம் கலைவதில்லை. விடிவதற்குள் அடுப்புகளைத் தூக்கிவிட வேண்டும், பசுக்கள் வந்துவிடும்.