செம்மண்ணும் சாம்பல் சேறும்

காரவல்லியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தபோது எங்களில் இருவருக்குத் தலை சுற்றிற்று. மூன்றாமவர் மட்டும் பசிக்கிறதென்றார். கொல்லிமலைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கையில் நீராடித் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் திருப்புலி நாட்டுக்குப் போனோம். ஊர்த் தொகுதியை இம்மலையில் ‘நாடு’ என்றே வழங்குகிறார்கள். ஓரி ஆண்ட பெருமிதம் இன்னும் தீரவில்லை போலும்!

வழியெங்கும் செம்மண். வெட்டுண்ட மேடுகள் குங்குமம் கொட்டினாற்போல் இருந்தன. இரும்பு, காற்றும் மழையும் பட்டுத் துருவாகிப் பெற்ற நிறம் அது. மேட்டின் அடியில் ஓர் ஊற்று. மூதாட்டி ஒருத்தி குடத்தைச் சாய்த்து எங்கள் கைகளில் ஜலம் வார்த்தாள், பல் கூசிற்று. கோடையில் ஊற்று சுருங்கிவிடுகிறதாம். ஆகவே ஆழ்குழாய்க் கிணறு வேண்டி மனு எழுதித் தரும்படி ஊர்ப் பெரியவர் கேட்டார். உபாத்தியாயர்கள் என்று தெரிந்துவிட்டால் எங்கு சென்றாலும் இவ்வேலை உண்டு. எழுதினோம். இறுதியில், ‘குழாய் பொருத்துமுன் ஜலத்தைப் பரிசோதிக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தோம்.

“தெளிஞ்ச தண்ணியிலே என்ன சாமி இருக்கப் போகுது?” என்றார் பெரியவர்.

வங்காளத்தின் கதையைச் சொன்னோம். குளத்து நீரால் வாந்திபேதி வருகிறதென்று அங்கே நல்லெண்ணத்துடனேயே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கினார்கள். 1983-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் டாக்டர் க்ஷிதீஷ் சந்திர ஸாஹா, கிராமத்தாரின் மார்பிலே புள்ளிகளையும் உள்ளங்கையிலே தடித்த காய்ப்பையும் கண்டு, இது பாஷாணத்தின் வேலை என்றார். 1993-ல் கிழக்கு வங்கமாகிய பங்களாதேஷிலும் அதே விஷம் தெரியவந்தது.

பாஷாணத்தைக் கிணற்றில் எவனும் கலக்கவில்லை. இமயத்திலிருந்து வந்த வண்டலில் இரும்புத் துரு அதைப் பற்றிக்கொண்டிருந்தது. இந்தச் செம்மண்ணில் உள்ள துருவைப் போன்றதே அது. ஆனால் கடலோரக் கழிமுகத்தில் இலைதழை மக்கி, காற்றுப் புகாத சேற்றில் புதைந்தபோது, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அத்துருவைக் கரைத்தன. பிடி தளர்ந்தது, விஷம் நீரில் இறங்கிற்று. சேறும் செந்நிறம் இழந்து சாம்பலாயிற்று. அந்நீருக்கு வாசனையில்லை, ருசிபேதமில்லை. காய்ச்சினாலும் விஷம் போகாது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது லட்சம் லிட்டரில் ஒரு கிராம். சித்தர்கள் பாஷாணத்தை அளவறிந்து கையாண்டதாகச் சொல்லும் மலையிலே, அளவறியாமல் குடித்தவர்களின் கதையைச் சொல்ல நேர்ந்தது.

“இங்கேயும் அப்படி ஆகுமா?”

இங்கே கழிமுகச் சேறு இல்லை என்றோம். ஆயினும் கீழே சேலம், தர்மபுரிப் பக்கத்துக் கருங்கல் பூமியில் ஆழ்கிணற்று ஜலத்திலுள்ள புளோரைடினால் குழந்தைகளின் பல் கறைபடுவதுண்டு. பாறைக்குள் என்ன இருக்கிறதென்று மேலிருந்து எவரால் சொல்ல முடியும்?

பெரியவர் அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு, “பரிசோதிக்கணும்னா போதுமா? யாரு பண்ணுறதுன்னு எழுதலியே!” என்றார்.

எங்களுக்கு வெட்கமாயிற்று. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லாப் பரிசோதனைக் கூடத்தைக் குறித்து இன்னொரு வரி எழுதியபின்புதான் அவர் கையெழுத்திட்டார்.