மார்கழித் தண்ணீர்

அந்த மார்கழியில் என் பைட்டர் மீன் பிழைக்காது என்றே முடிவு கட்டியிருந்தேன். பால்கனியை ஒட்டிச் சின்னக் கண்ணாடித் தொட்டி. வெளியே விரலைக் காட்டினாலே செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும் மீன், நாலைந்து நாளாக அடியில் கிடந்தது. மூக்குக்கு நேரே விழுந்த இரையைக்கூட எடுக்கவில்லை. நீல மருந்து வாங்கி ஊற்றினேன். உப்புப் போட்டேன். விடியற்காலையில் குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீரை அப்படியே மாற்றி ஊற்றினேன்.

கொளத்தூரில் கலர் மீன் விற்கும் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "தண்ணியில கைய விட்டுப் பாத்தியாம்மா? சில்லுனு இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது. "அப்ப மீனுக்கு நோவு ஒண்ணும் இல்லம்மா. குளிர்ல புத்தி மந்தமாயிருக்கு. ஒரு ஹீட்டர் வாங்கிப் போடு." வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீர் 21 டிகிரி. மெல்ல மெல்ல 27க்குக் கொண்டுவந்தேன். மறுநாள் சாயங்காலம் என் விரலைப் பார்த்துச் செவுளை விரித்தது.

புத்தி மந்தம் என்று அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வெளியே பனியோ வெயிலோ, நம் மூளை 37 டிகிரியை ஒட்டியே இருக்கும். மீனின் இரத்தமோ இதயத்தை விட்டதும் செவுளுக்குள் போய்த் தண்ணீரோடு உரசிய பிறகுதான் மூளைக்கு ஏறுகிறது. தண்ணீர் என்ன சூடோ, மூளையும் அதே சூடு. விலக்கு என்றால் வாள்மீன் போன்ற சில கடல்மீன்கள்தான். வாள்மீனின் கண் தசையில் ஒரு பகுதி அசைவதையே விட்டுவிட்டு, சூடு தருவதை மட்டும் வேலையாக வைத்திருப்பதை 1982இல் பிரான்சிஸ் கேரி என்ற விஞ்ஞானி எழுதினார். ஆழ்கடல் குளிரில் சுற்றியுள்ள தண்ணீரைவிடக் கண்ணையும் மூளையையும் 10 டிகிரிக்கு மேல் அது சூடாக வைத்துக்கொள்ளும். என் தொட்டி மீனுக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

குளிர் மூளையை எப்படி மந்தப்படுத்துகிறது என்பதை மார்கழிக் காலையில் நம் வீட்டு அலமாரியிலேயே பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் தளதளவென்று ஓடும். நரம்பணுவைப் போர்த்தியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். குளிர்ந்தால் இறுகும். இறுகினால் அதில் பதிந்திருக்கும் நுண்ணிய வாயில்கள் தாமதமாகத் திறக்கும், செய்தி தாமதமாகப் போகும். ஆனால் தண்ணீர் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தால், கோல்டு பிஷ் தன் மூளைச் சவ்வின் கொழுப்பையே மாற்றிக்கொள்கிறது! உறையும் வகையைக் குறைத்து, உறையாத வகையைக் கூட்டிக்கொள்கிறது. தேங்காய் எண்ணெயை விட்டு நல்லெண்ணெய்க்கு மாறுவது போல. இதற்குப் பல நாட்கள் வேண்டும். நான் பச்சைத் தண்ணீர் ஊற்றியது ஒரு நிமிடத்தில். நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

வெயில் காலத்தில் வேறு துன்பம். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் சின்னஞ்சிறு மீன்களை வைத்து ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று டிகிரி சூடு ஏறியதற்கே பல மீன்கள் துணிந்து வெளியே வந்தன, அதிகம் சண்டையிட்டன. 2010இல் இது வெளியானது. சித்திரையில் என் கப்பி மீன்கள் ஒன்றையொன்று விரட்டிக் கடித்ததைக் குணக்கேடு என்று நினைத்திருந்தேன். பாவம், 33 டிகிரியில் கொதித்த மூளை அது. சூடு ஏறினால், மீனின் உடம்பு வேகமாக எரிந்து அதிகக் காற்றைக் கேட்கும் அதே நேரத்தில் தண்ணீரில் காற்று குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான்.

என்னை அதிகம் உலுக்கியது 2015இல் வந்த ஓர் ஆய்வு. நம் கங்கைச் சமவெளி ஓடைகளில் திரியும் வரிக்குதிரை மீன்களைக் கால்மணி நேரம் வலைக்குள் அடைத்து வைத்தார்கள். பிறகு 18 முதல் 35 டிகிரி வரை அறை அறையாகச் சூடு மாறும் தொட்டியில் விட்டார்கள். மிரண்ட மீன்கள் சூடான அறைகளைத் தேடிப் போயின. உடம்புச் சூடு இரண்டு முதல் நான்கு டிகிரி ஏறியது. கலங்கிய மனிதனுக்குக் காய்ச்சல் அடிப்பது போன்றதுதான் இது என்றார்கள் ஆய்வாளர்கள். மீனுக்கு உணர்ச்சி உண்டா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடட்டும். எனக்குச் சந்தேகம் இல்லை.

கிணற்று மீன் காலை வெயிலுக்கு மேலே வரும், உச்சிவெயிலில் ஆழத்துக்கு இறங்கும். தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தேடிக்கொள்ளும். என் தொட்டியில் மேலும் கீழும் ஒரே சூடு. அது எங்கே போகும்?

மீன் வளர்ப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். மீனுக்கு முன்னால் ஒரு வெப்பமானி வாங்குங்கள். கடையிலிருந்து கொண்டுவந்த கவரைப் பிரிக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். கோடையில் ஐஸ் கட்டியை அள்ளிப் போடாதீர்கள். தண்ணீர் மாற்றும்போது, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் முன் செய்வீர்களே, அதுபோல ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.